செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவுகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் புலவரும் அல்லோம். மேடை கண்டவரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதி வருகின்றோம். பேரேட்டில் வரவு வைக்காத ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வீட்டைப் பற்றிப் பேசுகின்றோம் என்றோம். 'எந்த வீடு? பெங்களூரில் நீங்கள் இருப்பது வாடகை வீடாயிற்றே' என்று அவர் நகைத்தார். அந்த நகைப்பிலிருந்தே தொடங்குகின்றோம்.

நம் தமக்கையார் மகன் ஜப்பான் நாட்டில் கணிப்பொறி வேலையில் இருக்கின்றான். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவன், ஷிராக்காவா என்னும் மலைக் கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் இரண்டு நாள் தங்கிய கதையை நம் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான். இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வீடாம். இரு கைகளையும் குவித்துக் கும்பிடுவதுபோல் செங்குத்தாகச் சரிந்த வைக்கோற்கூரை. பனி தங்காமல் வழுக்கி விழுவதற்காக அப்படிக் கட்டினார்களாம். கூடத்தின் நடுவே தரையில் பள்ளம் தோண்டி 'இரோரி' என்னும் அடுப்பு. அதைச் சுற்றிப் பாய்மேல் அமர்ந்து, அதில் சுட்ட ஆற்று மீனை வீட்டுக்காரப் பாட்டி பரிமாறினாராம். வீடு முழுதும் புகை நாற்றம் என்று அவன் முகம் சுளித்தபோது, அந்த மூதாட்டி, 'புகை நின்றால் கூரையும் நின்றுவிடும்' என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். அடுப்புப் புகைதான் மேலேறி, வைக்கோலையும் அதைக் கட்டிய கயிற்றையும் பூச்சி அரிக்காமல் காக்கின்றதாம்.

அவ்வூரில் கூரை மாற்றுவது ஒரு குடும்பத்தின் வேலை அன்று. ஊரே கூடி ஏறும். இன்று உன் வீடு, மறு ஆண்டு என் வீடு. இம்முறைக்கு 'யுயி' என்று பெயர். நம் உழவர்கள் மாற்றாள் முறையில் நடவுக்குப் போவதில்லையா, அதே வழக்கம். ஊர் காலியாகத் தொடங்கியபோது, 1971ஆம் ஆண்டில் அம்மக்கள் கூடி மூன்று விதிகளைத் தமக்குத் தாமே இட்டுக்கொண்டனர்: விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம். 1995ஆம் ஆண்டில் அக்கிராமம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. ஜப்பானிய கிராமங்கள் எல்லாமே இப்படி என்று எண்ணிவிட வேண்டா. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பட்டணம் போன பின்பு பூட்டிய வீடுகளே அவற்றுள் பல.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் மருமகன், 'மாமா, நம் ஊர் வீடும் பழையதுதானே? அங்கே ஏன் ஒருவரும் தங்குவதில்லை?' என்று கேட்டான். அருகில் இருந்த நம் தமக்கையார் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். நாமும் விடை சொல்லவில்லை.

அவ்வீடு புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் உள்ளது. மாளிகை அன்று. முன்னே திண்ணை, நடுவே முற்றம், சுற்றித் தாழ்வாரம், நாட்டு ஓட்டுக் கூரை. அன்னையார் மறைந்த நாள் முதல் ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கின்றது. பங்காளிகள் ஆறு பேர். ஆறு ஊர்களில் இருக்கின்றோம். பொங்கலுக்குப் போவோர் வெளியே நின்று பார்த்துவிட்டு, திருமயத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டுத் திரும்புவார்கள். இந்நிலையில் சென்ற ஆனி மாதம் அண்ணன் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. மரக்கடைக்காரர் ஒருவர் நிலைக்கதவையும், எட்டு மரத்தூண்களையும், உத்தரங்களையும் விலைக்குக் கேட்கின்றார், நல்ல விலை, மற்றவர்கள் இசைந்துவிட்டனர், நீ வந்து கையெழுத்திட்டால் முடிந்தது.

நாம் கையெழுத்திடவே புறப்பட்டோம். இதை மறைப்பதில் பயனில்லை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தவேண்டிய மாதம் அது.

மைசூரிலிருந்து மயிலாடுதுறை வழியே செல்லும் விரைவு வண்டியில் மாலை ஏறி, விடியுமுன் திருச்சியில் இறங்கினோம். அங்கிருந்து காரைக்குடி செல்லும் வண்டி. புதுக்கோட்டை கடந்து, திருமயத்துக் கோட்டை சன்னலில் தெரிந்து மறைந்ததும் அடுத்து வருவது 'செட்டிநாடு' என்னும் சிறு நிலையம். பயணிகள் பலர் அதைக் காணாமலே போய்விடுவர். செட்டிநாடு என்பது ஒரு பகுதிக்குப் பெயர். ஓர் ஊரின் பெயரன்று. அந்நிலையம் காநாடுகாத்தான் ஊருக்கு உரியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவியவரும், 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பிறந்த ஊர் அது.

நாம் திருமயத்தில் இறங்காமல் அங்கே இறங்கியதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டில் படுக்க வழியில்லை; மின்சாரம் துண்டிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. நம் சிற்றன்னையின் மகன், காநாடுகாத்தானில் செப்பனிடப்பட்டு விடுதியாக்கப்பட்ட பழைய நகரத்தார் வீடு ஒன்றில் சமையல் பொறுப்பில் இருக்கின்றான். வெயில் காலம், விருந்தினர் குறைவு. அவன் சொல்லி வைத்ததில் குறைந்த கட்டணத்தில் ஓர் அறை கிடைத்தது. முழுக் கட்டணம் என்றால் ஓரிரவு வாடகை நம் ஒரு வார ஊதியத்தை விழுங்கிவிடும். விடுதியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் மலரில் விளம்பரப் பக்கத்துக்கு அவர்களிடம் பணம் கேட்கவில்லையே என்று செயலாளர் வருந்துவார்.

அன்பர்களே, அவ்வீட்டை எப்படிச் சொல்வது! தலைவாயிலில் நின்று நேரே பார்த்தால், நிலைக்குப் பின் நிலையாகக் கதவுகள் திறந்து, கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரிகின்றது. முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் வீடு. முகப்பு, அதன் இருபுறமும் உயர்ந்த திண்ணைகள். பின்னர் 'வளவு' என்னும் பெரிய முற்றம். அதைச் சுற்றி வரிசையாக அறைகள். அதற்கடுத்த கட்டு உணவு கொள்ள. கடைசிக் கட்டு சமையலுக்கு. தூண்கள் பர்மாத் தேக்கு. தலைவாயில் நிலையின் மேல் கஜலட்சுமி. சுவரைத் தொட்டால் பளிங்குபோல் வழுவழுப்பு. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. ஆனி வெயில் வெளியே கொளுத்த, உள்ளே வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்தோம், மின்விசிறி வேண்டியிருக்கவில்லை.

தரையில் பதித்தவை ஆத்தங்குடிக் கற்கள். பத்துக் கல் தொலைவுக்குள் உள்ள ஊர் அது. மறுநாள் காலை அங்கே சென்று, அவற்றைச் செய்யும் விதத்தைப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வடிவத்து அச்சுக்குள் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகின்றார்கள். அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்னர் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கின்றார்கள். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி தானே விலகுகின்றது. அதன் பளபளப்புக் கல்லில் நின்றுவிடுகின்றது. நடக்க நடக்கத்தான் அது மெருகேறும் என்று அங்கிருந்த பெரியவர் சொன்னார். ஆள் நடமாட்டம் இல்லாத தரை மங்கிவிடுமாம். ஜப்பானிய மூதாட்டியின் சொல் அப்போது நினைவுக்கு வந்தது.

ஜப்பானைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். முகப்புச் சுவரின் அடிப்பாகத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பூக்கள் புடைத்து நிற்கும் பளபளப்பான ஓடுகள் பதித்திருந்தன. நாம் அவற்றைச் சீமை ஓடுகள் என்று எண்ணினோம். ஜப்பானில் சுட்டுக் கப்பலில் வந்தவை என்று தம்பி சொன்னான். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் இவை உண்டு. ஐரோப்பாக் கண்ணாடியும் இத்தாலியப் பளிங்கும் பர்மாத் தேக்கும் ஒரே சுவர்களுக்குள் வந்து சேர்ந்தன என்றால், அவற்றை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும் அன்றோ? பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. கொடுக்கல் வாங்கல் தொழில். 1930ஐ ஒட்டி உலகெங்கும் விலைவாசி வீழ்ந்தபோது, பர்மிய உழவர்கள் கடனைத் திருப்ப இயலாமல் நிலத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் நெல்விளை நிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. இதனால் பெருஞ்செல்வம் வந்ததைப்போல் தோன்றினாலும், நிலத்தை இழந்தவர்களின் மனக்கசப்பும் கூடவே வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னுமாக லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து திரும்பினார்கள். வழியில் மாண்டவர் பலர். போருக்குப் பின் 1948இல் நில தேசியமயச் சட்டம். 1962க்குப் பின் படைத்தலைவர் ஆட்சியில் எஞ்சியதும் போயிற்று. சுவரில் பூ ஓடு அனுப்பிய அதே நாட்டின் படை, அச்சுவரைத் தாங்கிய வருவாயை முறித்தது. முகப்பில் உட்கார்ந்து அந்த ஓட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தோம்; யாரைப் புகழ்வது, யாரை நோவது என்று நமக்குப் புலப்படவில்லை.

வருவாய் நின்றது, பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் சென்றனர், வீடுகள் பூட்டப்பட்டன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் முப்பது, நாற்பது பேர் என ஆனார்கள். நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு ஓர் அறை, தனி அடுப்பு. ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு தனித்தனியே சமைத்தவர்கள் அவர்கள். (நம் வீட்டில் இரண்டு மருமக்கள் ஓர் அடுப்பில் சமைத்த காலத்தில் நடந்தவற்றை எண்ணும்போது, அது பேரறிவு என்றே தோன்றுகின்றது.) ஆனால் ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டால் ஓர் ஓட்டைக்கூட மாற்ற முடியாது என்னும் நிலையும் அதனால்தான் வந்தது. மாற்றாத ஓட்டின் வழியே மழை இறங்கும், கைமரம் உளுக்கும், உளுத்தபின் இடிப்பதே மலிவு. இடித்த தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அங்கும் ஒரு மணிநேரம் நின்றோம். ஒரு நிலைக்கதவின் பின்புறத்தில், யாரோ ஒரு குழந்தை ஆணியால் கீறிய அணில் படம் இருந்தது.

எல்லாம் அழிந்துவிடவில்லை. காநாடுகாத்தானில் 'விசாலம்' என்று ஒரு வீடு; தந்தை மகளுக்காகக் கட்டியது. கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்'. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் செப்பனிட்டது. கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்'. இவையெல்லாம் இன்று விருந்தினர் தங்கும் இல்லங்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன. பணம் படைத்தோர் வந்து தங்கிப் படம் பிடித்துப் போகும் இடமாகிவிட்டதே என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறை நமக்கும் உண்டு. வழிப்போக்கன் கேளாமலே படுத்துறங்கிய திண்ணையில் இன்று கட்டணம் செலுத்தியவனே உட்காரலாம். பாத்திர அறை குளியலறையாகிவிட்டது. பின்கட்டில் நீச்சல் குளம். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சி, கூரைநீரை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தவர்களின் வீட்டில் நீச்சல் குளம்! ஆயினும் அடுப்பு எரிகின்றது. சமையலுக்கும், பெருக்குவதற்கும், ஓடு மாற்றுவதற்கும், தோட்டத்திற்கும் என உள்ளூர் மக்கள் பன்னிருவர் அவ்வீட்டில் வேலை செய்கின்றனர். வாழை இலையில் தம்பி பரிமாறிய வெள்ளைப் பணியாரத்தையும், பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டு இனிப்பாகிவிட்ட கவுனி அரிசியையும் உண்டபோது குறை கூறும் வாய் சற்று அடங்கியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

மறுநாள் மாலை கொத்தனார் ஒருவர் சுவர் பார்க்க வந்தார். வயது எழுபதுக்கு மேல். ஓரிடத்தில் முன்பு யாரோ சிமெண்டால் ஒட்டுப் போட்டிருந்தனர். அவ்விடம் மட்டும் உப்புப் பூத்து உதிர்ந்தது. 'சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் ஐயா. ஈரம் உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும். சிமெண்டைப் பூசினால் அது வாயைப் பொத்தின மாதிரி' என்றார். நம் வீட்டைப் பற்றிச் சொன்னோம். அவர் விலை என்ன, பங்கு எவ்வளவு என்றெல்லாம் கேட்கவில்லை. 'சமையக்கட்டில் கறையான் இருக்கா?' என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றோம். ஒன்பது ஆண்டுகளாக உள்ளே சென்று பார்க்காதவன் வேறென்ன சொல்வான்?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் பார்சல் அலுவலகத்தில் ஒரு மூலை உண்டு. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளாத பொதிகள் அங்கே கிடக்கும். சீட்டு ஒட்டுவோம், அறிவிப்பு அனுப்புவோம், கெடு முடிந்தால் ஏலத்திற்கு எழுதுவோம். அப்படி எத்தனையோ பொதிகளை எழுதியிருக்கின்றோம். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. பொதி கேட்பாரற்றது என்பதற்கு ஒரே சான்று, ஒருவரும் வரவில்லை என்பதுதான். செட்டிநாட்டார் வீட்டில், பிறர் முன்னோர் தேடிய தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, எட்டுக் கல் தொலைவில் நம் முன்னோர் நிறுத்திய எட்டுத் தூண்களை விற்கும் தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தோம். அத்தூண்கள் பர்மாத் தேக்கு அல்ல; வேம்பும் பலாவும். பாட்டனார் தாமே மரம் பார்த்து வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி வந்தவை என்று அன்னையார் சொல்வார்.

மறுநாள் காலை கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு ஊருக்குச் சென்றோம். பூட்டு துருவேறித் திறக்கவில்லை. பக்கத்து வீட்டார் மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டித் திறந்தார்கள். உள்ளே வௌவால் நாற்றம். முற்றத்தில் இடுப்பளவு செடி. மேற்குத் தாழ்வாரத்தில் ஓடு சரிந்து, இரண்டு கைமரங்கள் உளுத்துவிட்டன. கொத்தனார் ஒவ்வொரு தூணாகக் குச்சியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். நாமும் தட்டிப் பார்த்தோம், ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் சமையற்கட்டுக்குள் போனார். அங்கே மட்டும் கறையான் இல்லை. மேற்கூரை மரங்கள் கருங்காலிபோல் கறுத்திருந்தன. 'உங்க அம்மா விறகடுப்பு வெச்சிருந்தாங்களா? அந்தப் புகைதான் இன்னமும் காத்துக்கிட்டிருக்கு' என்றார்.

சிறிது நேரம் நாம் வெளியே திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டோம்.

கையெழுத்திடவில்லை. அண்ணன் அவர்களிடம் தொலைபேசியில் அதைத் தெரிவித்தபோது, 'பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நீ பேசுவாய், வருடத்தில் ஒரு நாள் வருவாயா?' என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அதன்பின் அவர் நம்மோடு பேசவில்லை, இன்றளவும் பேசவில்லை. கல்லூரிக் கட்டணத்திற்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் வாங்கினோம். எஞ்சியதில் மேற்குத் தாழ்வாரத்துக்கு மட்டும் ஓடு மாற்றி, இரண்டு கைமரங்கள் போட்டோம். சிமெண்டு ஒரு சட்டிகூட வைக்கக்கூடாது என்பது கொத்தனாரின் நிபந்தனை. பக்கத்து வீட்டு அம்மையாரிடம் சாவியைக் கொடுத்து, நெல் காயவைக்கவோ, கோழி அடைக்கவோ, எதற்காகினும் வீட்டைத் திறந்துவையுங்கள், வாரத்தில் இருநாளாவது அந்த அடுப்பை மூட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். வாடகையா என்று கேட்டார். இல்லை, நாங்கள்தான் உங்களுக்குக் கடன்பட்டவர்கள் என்றோம்.

சிக்கமகளூர்ப் பக்கத்தைச் சேர்ந்த நம் கன்னட நண்பர் ஒருவர் அலுவலகத்தில் இருக்கின்றார். அவர்கள் குடும்பத்துத் 'தொட்டி மனெ'யும் நம்முடையதைப் போலவே முற்றம் வைத்த வீடு. அண்ணன் தம்பிகள் மூவரும் முறைவைத்து, ஆண்டுக்கு நான்கு மாதம் ஒருவர் என்று பார்த்துக்கொள்கின்றார்களாம். இரண்டு அறைகளில் விருந்தினரும் தங்குகின்றனர். கணக்குப் புத்தகம்கூட வைத்திருக்கின்றார்கள். அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, நம் ஆறு பங்குக்கும் ஏற்ற முறையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கின்றோம். கழிப்பறை ஒன்று கட்டவேண்டும்; மின் இணைப்புக்கு மனுச் செய்தாயிற்று. தை மாதம் பங்காளிகள் திருமயத்தில் கூடுவதாகப் பேச்சு. நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். அண்ணன் அவர்களுக்கு ஏடு பார்த்துக் கடிதம் எழுதியுள்ளோம். அந்தக் கூட்டத்தை அறை எடுத்து நடத்தாமல் நம் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தலாம் என்று கேட்டிருக்கின்றோம். விடை இன்னும் வரவில்லை.